ஹீற்றர் நின்றால் தொட்டி மீன்களுக்கு என்ன செய்வது?

"குவைத்திலும் குளிரோ?" என்று ஊரிலிருந்து ரெலிபோனில் பேசுபவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். குவைத் என்றால் வெயில், மணல், எண்ணெய் என்பதுதான் அவர்களுடைய நினைப்பு. அதிலே பிழை சொல்வதற்கும் இல்லை. 2016ஆம் ஆண்டு யூலை 21ஆம் திகதி இந்நாட்டின் மித்ரிபா என்னுமிடத்தில் 53.9 பாகை வெப்பம் பதிவாகியது. ஆசியாக் கண்டத்திலே பதிவான ஆகக்கூடிய வெப்பம் அதுவே என்று உலக வானிலை அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட நாட்டிலே மீன் தொட்டிக்குச் சூடு போதவில்லை என்று எழுத வந்திருக்கிறோமே என்று நீங்களும் நினைக்கக்கூடும்.

ஆனால் அப்பாசியாவிலே ஒரு தை மாதத்தைக் கழித்தவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. பகலில் 18, 19 பாகை இருக்கும். இரவில் 8 பாகை வரைக்கும் இறங்கும், சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். பாலைவனத்துக் காற்று வேறு. இங்கேயுள்ள பிளாட்டுகள் வெயிலைச் சமாளிக்கக் கட்டப்பட்டவை. ஏசி எல்லா அறையிலும் உண்டு, வீட்டைச் சூடாக்கும் வசதி ஒன்றுமில்லை. நிலத்திலே மாபிள், சுவரிலே சீமெந்து, யன்னல் ஏசிக்கும் சுவருக்கும் இடையிலே விரல் நுழையும் இடைவெளி. கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிற எம்மவர்கள் வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள்ளே பெனியனோடு திரிவார்கள். இங்கே நாங்கள் வீட்டுக்குள்ளேயும் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டுதான் சோறு தின்கிறோம்.

இந்தக் குளிரிலே மனிதர் போர்த்துப் படுக்கலாம். தொட்டியிலே இருக்கும் மீன் என்ன செய்யும்?

அப்பாசியாவில் இத்தனை வீடுகளிலே மீன் தொட்டி ஏன் என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். நாய், பூனை வளர்க்க இடமில்லை, வீட்டுக்காரரும் விடமாட்டார். பிள்ளைகள் விளையாட முற்றமுமில்லை. 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்திலே ஏப்ரல் 6 முதல் யூலை 9 வரை எங்கள் ஜிலீப் பகுதி முழுவதையும் மூடி வைத்தார்கள். மூன்று மாதம் பிள்ளைகள் யன்னலால் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது முடிந்த கையோடு எங்கள் கட்டிடத்திலே மட்டும் நாலு வீட்டுக்கு மீன் தொட்டி வந்தது. அல் றாய் வெள்ளிக்கிழமைச் சந்தையிலே மீனும் தொட்டியும் சேர்த்து வாங்கலாம். ஊரிலே கிணற்றுக்குள் நுளம்புக் குடம்பி தின்னவென்று விட்ட கப்பி மீனைக் காசு கொடுத்து வாங்குகிறோமே என்று பெரியவர்கள் சிரித்தாலும், பிள்ளைகளுக்கு அது பெரிய விசயம். முகாமிலே இருந்த காலத்திலே சோடாப் போத்தலில் மீன் குஞ்சு வைத்துக் காவிக்கொண்டு திரிந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒன்றுமில்லாத இடத்திலே அது ஒன்றாவது தன்னுடையது என்ற நினைப்பு அவர்களுக்கு.

மீனுக்கு எங்களைப்போல உடம்புச் சூடு என்று தனியாக ஒன்றில்லை. தண்ணீரின் சூடுதான் அதன் உடம்பின் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் அதன் இரத்த ஓட்டம், செமிபாடு, நோயை எதிர்க்கும் சக்தி எல்லாமே மெதுவாகிப் போகும். முதலில் தொட்டியின் அடியிலே போய் நிற்கும். செட்டை அசைப்பது குறையும், நிறம் மங்கும், சாப்பாடு போட்டாலும் திரும்பிப் பார்க்காது. இன்னும் குளிர்ந்தால் பக்கவாட்டிலே சரிந்துவிடும். பெரும்பாலான மீன் குளிர்ந்த அன்றைக்கே சாவதில்லை. நாலைந்து நாள் கழித்து உடம்பிலே உப்புக்கல் தூவினதுபோல வெள்ளைப்புள்ளி நோய் வந்துதான் சாகும். வீட்டுக்காரர் அதற்குள்ளே குளிரை மறந்துவிடுவார், கடைக்காரன் வருத்தக்கார மீனை விற்றுப்போட்டான் என்று ஏசுவார்.

எல்லா மீனுக்கும் ஒரே அளவு சூடு தேவையில்லை. தங்கமீனுக்கு ஹீற்றரே வேண்டாம், இந்தக் குளிர் அதற்குச் சுகம். வரிக்குதிரை மீன் எனப்படும் டேனியோ 18 பாகையிலும் ஓடித் திரியும். கப்பியும் அந்தளவு வரைக்கும் ஓரளவு தாங்கும். இலங்கையின் தென்மேற்கு ஓடைகளிலே மட்டும் இயற்கையாக வாழும் செர்ரி பார்ப் 20க்கு மேலே இருந்தால் பெரிதாகக் குறை சொல்லாது. ஏஞ்சல் மீனுக்கும் சண்டை மீனுக்கும் 24க்கு மேலே வேண்டும். டிஸ்கஸ் 28, 30 பாகை கேட்கும். புதிதாகத் தொட்டி வைக்கிற குடும்பங்கள் டிஸ்கஸ் பக்கமே போகாதிருப்பது நல்லது. அதன் விலையையும் பார்த்தால் போக மனம் வராது.

போன தை மாதம் எங்கள் கட்டிடத்திலே நடந்ததைச் சொன்னால் மற்றவை விளங்கும். நாங்கள் ஐந்து பேர் சப்ஹானிலே ஒரு தொழிற்சாலையில் வேலை. இரவு பதினொரு மணிக்கு பஸ்ஸால் வந்து இறங்கினால் கட்டிடம் பாதி இருட்டு. கீழேயுள்ள மின்சாரப் பெட்டியில் ஒரு பக்கம் எரிந்து, பின்னேரம் ஐந்து மணியிலிருந்து மூன்றாம் மாடியில் கரண்ட் இல்லை. காலமைதான் ஆள் வரும் என்று ஹாரிஸ் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். (கட்டிடக் காவலாளியைத்தான் இங்கே ஹாரிஸ் என்கிறார்கள்.) மூன்றாம் மாடி அக்கா மெழுகுதிரியோடு படியிலே நிற்கிறா. குடும்பம் வந்து நாலு மாதம்தான். ஒன்பது வயது மகன் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறான், தன் உடம்புச் சூடு கண்ணாடியால் உள்ளே போகுமாம்.

தொட்டி அறுபது லீற்றர். வெப்பமானி இருபத்தொன்றரை பாகை காட்டியது. அறைக்குள்ளே பதினைந்து. ஹீற்றரை இருபத்தைந்திலே வைத்திருந்ததாக அக்கா சொன்னா. அப்படியென்றால் ஆறு மணித்தியாலத்திலே மூன்றரை பாகை இறங்கியிருக்கிறது. தொட்டி இப்படித்தான் இறங்கும். முதல் மணித்தியாலத்திலே முக்கால் பாகை அளவு போகும், தண்ணீரும் அறையும் கிட்டவாகக் கிட்டவாக இறக்கம் மெதுவாகும். சின்னத் தொட்டி இதைவிடக் கெதியாக ஆறும். பெரிய பானையிலே வைத்த சோறு கோப்பையிலே போட்ட சோற்றைவிட நேரம் சென்று ஆறுவது போலத்தான். எனவே கரண்ட் போனவுடனே பயந்து ஓடத் தேவையில்லை. யோசிப்பதற்கு நேரம் இருக்கிறது.

ஆனால் அந்த வீட்டு அண்ணை யோசித்து முடித்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சுடும் கரியடுப்பை மூட்டி, கணகணவென்ற தணலோடு அறைக்குள்ளே தொட்டிக்குப் பக்கத்திலே வைத்து, யன்னல் இடைவெளிக்கெல்லாம் துணி அடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதை முதல்ல வெளியில வையுங்கோ."

"புகை ஒண்டும் இல்லைத் தம்பி, நல்லாப் பிடிச்ச தணல். மீனுக்காக மட்டுமில்லை, பிள்ளைக்கும் குளிர்தானே."

"பிள்ளைக்காகத்தான் சொல்லுறம் அண்ணை."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. பெடியள் வந்து புத்தி சொல்கிறார்கள் என்ற கோபம். என்றாலும் அக்கா அடுப்பைத் தூக்கிப் பல்கனியில் வைத்துவிட்டா.

இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும். மீன் போனால் சந்தையிலே வேறு மீன் வாங்கலாம். தணல் புகையாமல் எரியும்போதும் காபன் மொனொட்சைட்டு என்ற வாயு வந்துகொண்டேயிருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலே ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்திலே அது ஏறிக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு சத்தி வருவதுபோல, பிறகு நித்திரை. அந்த நித்திரையிலிருந்து எழும்பாமலே போய்விடுவார்கள். குளிர்காலத்திலே மூடிய அறைக்குள் கரி வைத்துப் படுத்து ஆட்கள் இறப்பது வளைகுடா நாடுகளுக்குப் புதிதல்ல. வசதியான நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே பெருங்குளிர் வந்து நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கரண்ட் நின்றபோது, காரையும் ஜெனரேற்றரையும் கரியையும் வைத்து வீட்டைச் சூடாக்கப்போய்ப் பத்துப்பேருக்கு மேல் இந்த வாயுவாலேயே இறந்தார்கள். கேஸ் அடுப்பைத் தண்ணீர் சூடாக்கப் பாவிக்கலாம். யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, தண்ணீர் சூடானதும் நிற்பாட்டிவிடவேண்டும். அறையைச் சூடாக்கவென்று அதை எரியவிடக்கூடாது.

கரியை வெளியிலே வைத்தபின் மீனுக்குச் செய்ததைச் சொல்கிறோம். முதலாவது வேலை போர்ப்பது. கல்ஃபிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போகும் அந்தப் பாரமான பூப்போட்ட கம்பளி எந்த வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். அதை நாலு பக்கமும் சுற்றி, மேல் மூடியையும் சேர்த்து மூடினோம். மூடிக்கும் கம்பளிக்கும் இடையிலே ரெஜிபோம் துண்டொன்று வைத்தோம். மீன்கடையிலே தூக்கி எறியும் ஐஸ் பெட்டியின் மூடி அது. சூடு கூடுதலாகப் போவது தண்ணீரின் மேற்பரப்பால்தான். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. ஆகவே வேறொன்றும் கையிலே இல்லாவிட்டால் மேற்பக்கத்தையாவது மூடுங்கள். ஆனால் காற்றுப் புகாமல் இறுக்கி அடைக்காதீர்கள், ஒரு மூலையிலே கொஞ்சம் விடுங்கள். சண்டை மீன், கௌராமி போன்றவை தண்ணீருக்கு மேலே வந்து காற்றுக் குடிப்பவை. மூடியின் கீழே நிற்கும் காற்றும் இளஞ்சூடாக இருந்தால்தான் அவைக்கு நல்லது.

அடியையும் மறக்கக்கூடாது. மாபிள் நிலத்திலே நேரே வைத்த தொட்டி கீழாலேயும் ஆறும். வாங்கும்போதே அடியிலே ஒரு ரெஜிபோம் பலகை போட்டு வைத்தால், கண்ணாடி வெடிக்காமல் இருப்பதற்கும் உதவும். கார்கோ அனுப்பும் கடைகளில் கொப்புளம் கொப்புளமாயுள்ள பொலித்தீன் கேட்டால் துண்டொன்று தருவார்கள். அதைத் தொட்டியின் பின்பக்கத்திலே மாசி மாதம் முடியும்வரைக்கும் ஒட்டிவிட்டால், கரண்ட் இருக்கும்போதும் ஹீற்றருக்கு வேலை குறைவு.

இரண்டாவது சுடுதண்ணீர்ப் போத்தல். இதிலேதான் ஆட்கள் அவசரப்படுவது. கொதிதண்ணீரைத் தொட்டிக்குள்ளே நேரே ஊற்றினால் ஊற்றிய இடத்திலே நிற்கும் மீன் அவிந்துபோகும், குளோரினும் உள்ளே போகும். இரண்டு லீற்றர் சோடாப் போத்தலிலே பாதி கொதிதண்ணீர், பாதி பைப் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய அறுபது பாகைக்கு வரும். முழுவதும் கொதிதண்ணீர் விட்டால் போத்தல் சுருண்டுவிடும். மூடியை இறுக்கி மிதக்க விடவேண்டும். அதற்கு முன்னே தொட்டியிலிருந்து ஒரு சாடி தண்ணீர் எடுத்து வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போத்தல் வைத்ததும் தண்ணீர் வழிந்து கீழேயுள்ள பிளக்கிலே போய் விழும்.

இதிலே எவ்வளவு சூடு கிடைக்கும் என்று அந்த இரவே கடதாசியிலே கணக்குப் பார்த்தோம். எங்களிலே ஒருவருக்கும் ஓ.எல். முடித்த பேரில்லை, ஆனால் தொழிற்சாலையிலே சூட்டுக் கணக்கு அன்றாடம் பார்ப்பதுதான். இருபது பாகையிலே அறுபது லீற்றர், அறுபது பாகையிலே இரண்டு லீற்றர். போத்தலின் சூடெல்லாம் தொட்டிக்கு இறங்கி முடிந்தால் தண்ணீர் ஒன்றேகால் பாகை ஏறும். ஐம்பது வாற் ஹீற்றர் அந்தளவு ஏற்றுவதற்கு ஒன்றேமுக்கால் மணித்தியாலம் எடுக்கும். ஒரு சோடாப் போத்தல் அந்த வேலையைச் செய்கிறது என்றால் குறைந்த விசயமில்லை. அதேநேரம் ஐந்தாறு போத்தலை ஒரேயடியாகப் போட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள்ளே ஆறேழு பாகை ஏறிவிடும், அது குளிரைவிடக் கேடு. மணித்தியாலத்துக்கு ஒரு பாகை, கூடினால் ஒன்றரை. அதற்குமேல் ஏற்றவேண்டாம்.

அன்றைக்கு இருபத்தைந்துக்கு ஏற்ற நாங்கள் முயற்சிக்கவேயில்லை. இருக்கிற சூட்டைக் காத்தால் போதும் என்று பன்னிரண்டு மணிக்கு ஒரு போத்தல், மூன்றரைக்கு ஒரு போத்தல் வைத்தோம். மூன்றரைக்கு வைத்தது அண்ணைதான். கரியடுப்புக் கோபம் அதற்குள்ளே ஆறிப்போய், பிளேன்ரீயும் போட்டுத் தந்தார். விடிய எட்டு மணிக்குப் பார்த்தால் இருபத்திரண்டை ஒட்டி நிற்கிறது. பத்து மணிக்கு மின்சாரக்காரர் வந்தார். ஏஞ்சல் இரண்டும் கப்பி எல்லாமும் தப்பின. நியோன் ஆறிலே ஒன்று மூன்றாம் நாள் செத்தது. அது குளிராலேதான் செத்தது என்று சொல்வதற்கில்லை. மகன் அதைப் பல்கனியிலே கறிவேப்பிலைச் சாடிக்குள்ளே புதைத்து வைத்தான்.

கரண்ட் இல்லாதபோது காற்றுப் பம்மும் நின்றுவிடும். குளிர்ந்த தண்ணீரிலே ஒட்சிசன் கூடுதலாகக் கரையும், குளிர்ந்த மீனுக்குத் தேவையும் குறைவு. ஆகவே மீன் நெருக்கமில்லாத தொட்டியிலே ஓரிரவு பெரிய பயமில்லை. மீன் கூடுதலாக இருந்தால் கோப்பையாலே தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், பத்து நிமிசம் செய்தால் நல்லது. பற்றறியில் ஓடும் சின்னக் காற்றுப் பம் சந்தையிலே கிடைக்கிறது, அதை வாங்கி வைத்தால் பிறகு பிரயோசனப்படும். பற்றறியிலே ஹீற்றரை ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: அறுபது அம்பியர் மணித்தியாலக் கார் பற்றறி நூறு வாற் ஹீற்றரைக் கணக்குப்படி ஏழு மணித்தியாலம் ஓட்டவேண்டும். உண்மையிலே அதன் பாதிகூட வராது, பற்றறியும் பழுதாகும். கேஸ் அடுப்பும் சோடாப் போத்தலும் அதைவிட மலிவு.

சாப்பாடு போடவேண்டாம். பிள்ளைகள் பாவம் பார்த்துப் போடப் பார்ப்பார்கள், மறியுங்கள். குளிரிலே செமிக்காது, பில்ற்றரும் நின்றிருப்பதால் தண்ணீர் கெடும். மூடிய பெட்டிபோன்ற பில்ற்றர் பல மணித்தியாலம் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடக்கூடாது. உள்ளே நின்ற தண்ணீர் நாறியிருக்கும். அதை ஊற்றிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போடவேண்டும். பைப் தண்ணீரிலே கழுவினால் அதிலேயுள்ள நல்ல கிருமிகளும் செத்துவிடும்.

அசையாமல் கிடக்கிற மீனைச் செத்ததென்று உடனே எறிந்துவிடாதீர்கள். ரெக்சாஸ் குளிரைப்பற்றி மேலே சொன்னோம். அந்த வாரத்திலே சவுத் பாட்ரே தீவிலே கடல் ஆமைகள் குளிரில் விறைத்து, செத்ததுபோல மிதந்து கரைக்கு வந்தன. ஊர்ச்சனம் அவற்றைப் படகிலும் காரிலும் ஏற்றிவந்து மாநாட்டு மண்டபம் ஒன்றின் நிலத்திலே வரிசையாக அடுக்கினார்கள். கிட்டத்தட்ட ஐயாயிரம் ஆமைகள். மெதுவாகச் சூடு ஏற ஏறப் பலவும் கண் விழித்தன, அவற்றைத் திரும்பக் கடலிலே விட்டார்கள். மீன் ஆமையில்லைத்தான். ஆனாலும் செவுள் மெல்லவேனும் அசைகிறதா என்று பார்த்துச் சிலமணி நேரம் பொறுக்கலாம்.

இப்படி இரவுகள் எங்களுக்கு மட்டும் வருவதில்லை. 2013 டிசம்பரில் ரொறன்ரோவிலே பனிமழை கொட்டி மரங்கள் கம்பிகளின் மேல் முறிந்து விழுந்தபோது மூன்று இலட்சம் இணைப்புகள் வரையிலே கரண்ட் நின்றது. நத்தார் கழிந்தும் சில இடங்களுக்கு வரவில்லை. எம்மவர்கள் நிறையப்பேர் இருக்கும் ஸ்காபரோவும் நன்றாக அடிபட்டது. 2022 டிசம்பர் 16ஆம் திகதி விடியப்புறம் பேர்லின் நகரிலே ஒரு ஹோட்டலின் நடுவே நின்ற பத்து இலட்சம் லீற்றர் மீன் தொட்டி வெடித்தது. அதிலிருந்த ஆயிரத்தைந்நூறு மீன்களில் மிகச் சிலவே மிஞ்சின. அதே கட்டிடத்தின் நிலக்கீழ் அறையிலே வேறு தொட்டிகளில் இருந்த நூற்றுக்கணக்கான மீன்கள் தப்பியிருந்தும், கரண்ட் இல்லாததால் அவற்றை வைத்திருக்க முடியாமல் அவசரமாக வேறிடங்களுக்குக் கொண்டுபோனார்கள். எவ்வளவு பெரிய தொட்டியானாலும் ஒரு வயரிலேதான் தொங்குகிறது. சென்னைக் கொளத்தூரிலே அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்கு மட்டும் குளிர்ப் பயம் அவ்வளவாக இல்லை. அங்கே புயல் வந்து கரண்ட் போனால் காற்றுப் பம் நிற்பதுதான் கவலை.

கரண்ட் போவதைவிடக் கூடுதலாக நடப்பது ஹீற்றர் தானாகப் பழுதாவது. கண்ணாடிக் குழாய்க்குள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய சின்னத் தகடு ஒன்று இருக்கும். சூடேறினால் வளைந்து கரண்டை வெட்டும், ஆறினால் நிமிர்ந்து திரும்பத் தொடும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை தொட்டு விட்டு, தொட்டு விட்டு அதன் முனை எரிகிறது. எரிந்து தொடாமல் விட்டால் தண்ணீர் ஆறும், அது தெரிந்த கஷ்டம். சிலவேளை முனை உருகி ஒட்டிக்கொண்டு விடும். அப்போது ஹீற்றர் நிற்காமல் எரிந்து தொட்டியைச் சுடவைக்கும், விடிய எழும்பினால் மீன் கறி. ஆகையால் நூறு வாற் ஒன்று போடுவதற்குப் பதில் ஐம்பது வாற் இரண்டு போடுவது எங்கள் விருப்பம். ஒன்று நின்றாலும் மற்றது பாதியாவது காக்கும், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தனியே நின்று அவிக்கப் போதாது. லீற்றருக்கு ஒரு வாற் என்று கணக்கு வைத்தால் இங்கத்தைக் குளிருக்குச் சரி. வெப்பமானியை ஹீற்றருக்கு எதிர்ப்பக்கத்திலே ஒட்டி, காலையும் மாலையும் பார்ப்பதைப் பிள்ளையின் வேலையாக்குங்கள். எங்கள் மூன்றாம் மாடிப் பெடியன் இப்போது கொப்பியிலே எழுதியே வைக்கிறான்.

தொட்டிக்குள்ளே கை வைக்கமுன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் நிற்பாட்டுவது போதாது, கழற்றவேண்டும். எரிந்துகொண்டிருந்த ஹீற்றரை உடனே தண்ணீரைவிட்டு எடுத்தால் கண்ணாடி வெடிக்கும். கழற்றிப் பதினைந்து நிமிசம் விட்டு எடுங்கள். இரண்டு முள் பிளக்கோடு வரும் மலிவான ஹீற்றர்களை அடப்ரர் போட்டுச் செருகுவதை எல்லா வீட்டிலும் காண்கிறோம். குறைந்தது அந்த வயர் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். அப்போது வயரால் வழியும் தண்ணீர் தாழ்ந்த இடத்திலே சொட்டும், பிளக்குக்குள்ளே போகாது. வீட்டிலே ரிப் சுவிச் இருக்கிறதா, அமத்தினால் விழுகிறதா என்று ஹாரிஸைக் கூப்பிட்டுப் பாருங்கள். வெடிப்பு விழுந்த ஹீற்றரை ஒட்டி ஒட்டிப் பாவிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று தினாரை மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

பங்குனி பிறந்துவிட்டால் இந்தப் பிரச்சினை தலைகீழாகும். 2024 யூன் மாதம் வெயில் தாங்காமல் குவைத்திலே பகுதி பகுதியாகக் கரண்ட் வெட்டினார்கள். ஏசி நின்ற அறையிலே தொட்டித் தண்ணீர் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று ஏறும். சூடான தண்ணீரிலே ஒட்சிசன் குறைவு, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். அப்போது அதே சோடாப் போத்தலிலே தண்ணீரை உறையவைத்து மிதக்கவிடுங்கள், ஒவ்வொன்றாக. மூடியைத் திறந்து வையுங்கள், கம்பளி வேண்டாம். காற்றுப் பம்மைப் பற்றறியில் ஓடவிடுங்கள். கோடையிலே பைப்பைத் திறந்தால் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும், தையிலே திறந்தால் ஐஸ் மாதிரி வரும். ஆகவே எந்தக் காலமானாலும் தொட்டிக்கு மாற்றுகிற தண்ணீரை முதல்நாளே வாளியிலே பிடித்து, தொட்டி இருக்கிற அறையிலேயே மூடி வைத்துவிடுங்கள். வாளிக்கு மேலே ஒரு பலகையும் வையுங்கள், எங்கள் அறையிலே இரவு வேலை முடித்து வருகிறவர் இருட்டிலே அதற்குள்ளேதான் காலை வைப்பார்.